பழக்கிக் கொடுத்த சுங்கான்

வெள்ளவத்தை, கொழும்பு
9-2-1936

மைத்துனர் வினாயகமூர்த்திக்கு,

இங்கே எனக்கும் மகன் யோகராசாவுக்கும் ஒரு குறையும் இல்லை. அங்கே நீரும், என் தங்கை கண்ணகையும், உமது மகள் ஆச்சிப்பிள்ளையும் எப்படி என்று எழுதும்.

இதோடு ஒரு பார்சல் வரும். பிரித்துப் பார்த்துவிட்டு அண்ணனுக்கு விசர் பிடித்துவிட்டதென்று கண்ணகை ஒப்பாரி வைக்க வேண்டாம். உள்ளே மூன்று சுங்கான்கள் இருக்கின்றன. துரைமார் பல்லில் கடித்துக்கொண்டு புகை இழுக்கிற சாமான்தான். சிவப்பு நூல் கட்டியது லண்டனிலிருந்து வந்தது, விலை நாற்பத்தைந்து ரூபா. வெள்ளை நூல் பன்னிரண்டு ரூபா. நூல் இல்லாதது புறக்கோட்டை நடைபாதையில் ஒன்றரை ரூபாவுக்கு வாங்கியது. புகையிலை டின்னும் வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு பறங்கி இருக்கிறான். விலையெல்லாம் தண்டில் குத்திய முத்திரைக்குத்தான், பழக்கி எடுத்துவிட்டால் மூன்றும் ஒரே புகைதான் என்று அடித்துப் பேசுகிறான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் துரை அந்த நேரம் பார்த்து வந்து கேட்டுக்கொண்டு நின்றார். இப்போது கந்தோரில் இதுதான் பேச்சு. இரு பக்கமும் சேராத ஒருவர் மூன்றையும் ஒரே மாதிரிப் பழக்கி, எது உசத்தி என்று எழுதித் தரவேண்டும் என்று முடிவாகியிருக்கிறது.

புதுச் சுங்கான் நாக்கைச் சுடும். உள்ளே கரி படியும்வரை பொறுமையாக ஒரு ஆள் இழுத்துக் கொடுக்கவேண்டும். சீமையில் பிரபுக்கள் தோட்டக்காரனிடம் கொடுத்து இழுப்பிப்பார்களாம். எனக்குத் தோட்டக்காரன் இல்லை, நீர் இருக்கிறீர். பத்து வருஷத்துக்கு முந்தி உமக்கு நெஞ்சு நோய் வந்து இரத்தம் துப்பினதாகக் கண்ணகை எழுதுவித்தது ஞாபகம் இருக்கிறது. அது அப்போதே மாறியிருக்கும். புகை சளியை அறுக்கும் என்றும் சொல்கிறார்கள்.

தாயில்லாப் பிள்ளையென்று யோகராசாவை ஐந்து வருஷம் வளர்த்தவள் கண்ணகை. அவனுக்கும் ஆச்சிப்பிள்ளைக்கும் பேசி வைத்ததை நான் மறக்கவில்லை. முதலில் இந்த வேலை முடியட்டும்.

அருமைநாயகம்

*

குருக்கள்மடம்
1-3-1936

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு வினாயகமூர்த்தி எழுதிக்கொள்வது.

அம்மன் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம். படுவான்கரை வட்டையில் வேளாண்மை வெட்டி முடிந்து, நெல் வாவி கடந்து வீடு வந்துவிட்டது. யோகராசாவுக்குக் கொழும்புத் தண்ணீர் இன்னும் ஒத்துக்கொள்கிறதா என்று கண்ணகை கேட்கிறாள். அவனுக்குச் சின்ன வயதிலேயே தடிமன் அடிக்கடி பிடிக்கும் என்று சொல்லச் சொல்கிறாள்.

பார்சல் பழுதின்றிக் கிடைத்தது. இருபத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் சுருட்டுக் கட்டை பொறுக்கின பையன்களை அடித்த கை இது. அந்தக் கையாலேயே நெருப்புக் குச்சி கிழித்தேன். முதல் நாள் தலை சுற்றி, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணகை சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவுக்காரர் வந்து பார்த்தார்கள். நாலாம் நாள் நாக்கு வெந்து, சோறு தின்ன முடியாமல் கஞ்சி குடித்தேன். இப்போது தேவலை. வீட்டுக்குள் புகை ஆகாதென்று பின்னேரங்களில் வாவிக்கரையில் போய் இருக்கிறேன். வலைக்குப் போகிற சீனித்தம்பி, "வாத்தியார் துரையாகிட்டார் போல கிடக்கு" என்று தோணியில் இருந்தபடியே கேட்டுவிட்டுப் போகிறான்.

நீங்கள் சொன்னபடி மூன்றுக்கும் ஒரே டின் புகையிலை, ஒரே அளவு, ஒரே நேரம். ஒன்றை இழுத்த நாள் மற்ற இரண்டுக்கும் ஓய்வு. வைகாசியில் கண்ணகை அம்மன் குளுத்தித் திருவிழாவுக்கு யோகராசாவை அனுப்பி வைத்தால் ஊர் பார்க்க நாங்களும் ஒரு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

பணிவுடன்,
வினாயகமூர்த்தி

*

வெள்ளவத்தை
20-3-1936

மைத்துனருக்கு,

சுகம். உமது நாக்கு வெந்த கதையைக் கந்தோரில் சொன்னேன். துரை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நீர் ஒரு நாளும் இவ்வளவு பிரயோசனப்பட்டதில்லை.

உள்ளே படிகிற கரியைச் சுரண்டவேண்டாம். ஒரு சதக் காசின் தடிப்புக்கு வரட்டும். தண்ணீர் காட்டவே கூடாது. இன்னொருத்தன் வாயில் இருந்ததை எப்படி உன் வாயில் வைப்பாய் என்று பறங்கி என்னைக் கேட்டான். எங்கள் ஆட்கள் வழக்கம் அவனுக்கு எங்கே தெரியும்? நெருப்புப் பட்ட பொருளுக்கு எச்சில் இல்லை என்று விளக்கிச் சொன்னேன். நீர் வாய் வைத்த செம்பில் நான் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்பது உமக்கும் தெரியும். சுங்கான் வேறு.

குளுத்திக்கு யோகராசா வரமாட்டான். பரீட்சை இருக்கிறது. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தானே மாப்பிள்ளையை எடுக்கவேண்டும்? நீர் கட்டுகிற வீட்டுக்குக் கிடுகுக் கூரை என்று கேள்விப்பட்டேன். என் மகன் கிடுகுக்குக் கீழே படுக்கப் பிறந்தவனா? ஓடு போடும், பிறகு பேசுவோம்.

அருமைநாயகம்

*

குருக்கள்மடம்
30-4-1936

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கொஞ்சம் இருமல், அது பருவ மாற்றம். உங்கள் இருவரின் சுகத்துக்கும் ஆச்சிப்பிள்ளை வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு வைக்கிறாள்.

ஓடு போடுகிறோம். அந்தச் செலவுக்காகப் படுவான்கரையில் என் பங்கு வயல் வட்டையை விற்க ஆள் பார்த்திருக்கிறது.

மூன்று சுங்கானும் பழகிவிட்டன. தொடக்கத்தில் வித்தியாசம் பெரிதாகத்தான் இருந்தது. நூல் இல்லாததில் மெருகு எண்ணெய் நாறியது, தண்டில் தண்ணீர் கட்டியது. சிவப்பு நூல் உலர்ந்து, இதமாக இருந்தது. முப்பதாம் நாள் தாண்டியதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. விலை தெரிந்துகொண்டு இழுப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்று நினைத்தேன். அதனால் கண்ணகையைக் கொண்டு கண்ணைத் துணியால் கட்டுவித்தேன். ஆச்சிப்பிள்ளை மூன்றையும் நிறைத்து, மாற்றி மாற்றி நீட்டினாள். பன்னிரண்டு தடவை பார்த்தேன். நாலு தடவைதான் சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு யார் ஊகித்தாலும் அவ்வளவு வரும்.

உண்மையை எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். நன்றாகப் பழகிய பிறகு மூன்றும் ஒன்றுதான். விலை கூடியது பழகும் வரைக்கும் கஷ்டம் குறைவு. மிச்சமெல்லாம் பார்வைக்குத்தான். அந்தப் பறங்கி ஐயா சொன்னது சரி என்று எண்ணுகிறேன்.

தங்கள்,
வினாயகமூர்த்தி

*

வெள்ளவத்தை
12-5-1936

வினாயகமூர்த்திக்கு,

உமது கடிதத்தைக் கந்தோருக்குக் கொண்டுபோகும் முன் வீட்டில் வாசித்தது என் அதிர்ஷ்டம்.

உம்மிடம் நியாயத்தீர்ப்பு யார் கேட்டது? கண்ணைக் கட்டி விளையாட நீர் சின்னப் பிள்ளையா? நண்டும் கருவாடும் தின்று தடித்த நாக்குக்கு லண்டன் சாமான் எங்கே பிடிபடும். பிழை என்னுடையது. கழுதையைக் கூப்பிட்டுக் கற்பூரம் மணக்கிறதா என்று கேட்டவன் நான்தானே.

ஒன்றைச் சொல்லுகிறேன், கவனமாகக் கேளும். நல்லதையும் மட்டத்தையும் பிரித்தறியாத ஒருவர் வீட்டுக்கு ஒரு தகப்பன் தன் பிள்ளையை எதை நம்பிக் கொடுப்பான்? இன்று நாற்பத்தைந்து ரூபாச் சுங்கானும் ஒன்றரை ரூபாச் சுங்கானும் ஒன்று என்கிறீர். நாளைக்கு என் மகனும் சீனித்தம்பியின் மகனும் ஒன்று என்பீர்.

இன்னும் ஒரு தடவை யோசித்து, ஒழுங்காக எழுதும். சபையில் வாசிக்கக்கூடிய கடிதமாக இருக்கவேண்டும். இதோடு இன்னும் மூன்று அனுப்புகிறேன். மூன்றும் விலை கூடினவை. நாக்குக்குக் கொஞ்சம் படிப்பினை கிடைக்கட்டும்.

அருமைநாயகம்

*

குருக்கள்மடம்
28-5-1936

பேரன்பும் பெருந்தன்மையும் உடைய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டேன். என் அவசர புத்தியை மன்னிக்கவேண்டும். அன்று தடிமனால் மூக்கு அடைத்திருந்தது. அந்த நிலையில் எதையும் தீர்மானித்திருக்கக் கூடாது. இப்போது நிதானமாகப் பரீட்சித்து எழுதுகிறேன்.

சிவப்பு நூல் சுங்கானின் புகை அதிகாலையில் வாவிமேல் கிடக்கிற பனி போலக் குளிர்ந்து வருகிறது. நாக்கில் பட்டதே தெரியாமல் போய், பிறகு தேனின் வாசனை ஒன்றை விட்டுப்போகிறது. அரை மணி நேரம் கையில் இருந்தாலும் கிண்ணம் சுடுவதில்லை. வெள்ளை நூல் யோக்கியமான சாமான், குறை சொல்வதற்கில்லை, ஆனால் உயர்ந்த குலத்துக்கு முன்னால் கைகட்டி நிற்கும். நூல் இல்லாததைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஈரமும் எரிவும் கசப்பும்தான். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாலும் ஒரு குழந்தைக்கே வித்தியாசம் தெரியும். பணம் போன இடத்தில் குணம் இருக்கிறது என்பதை இந்தக் கிராமத்து ஆசிரியன் கற்றுக்கொண்டான்.

பழகிய மூன்றையும் இத்துடன் அனுப்புகிறேன், புதிய மூன்றையும் தொடங்கிவிட்டேன். கூரைக்கு ஓடு ஏறுகிறது, வட்டையைக் கொடுத்துவிட்டோம். ஆவணியில் ஒரு நல்ல நாள் குறித்துத் தந்தால், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அவளுக்கு இருபத்திரண்டு நடக்கிறது.

என்றும் கடமைப்பட்ட,
வினாயகமூர்த்தி

*

வெள்ளவத்தை
2-7-1936

மைத்துனருக்கு,

நான் சுகம், மிக நல்ல சுகம்.

உமது கடிதத்தை இங்கிலீசில் மாற்றி, துரைக்கும் மற்றவர்களுக்கும் முன்னால் நின்று வாசித்தேன். வாவிப் பனி என்ற இடத்தில் துரை கை தட்டினார். வாசிக்கிற உற்சாகத்தில் கடைசிப் பந்தியையும் வாசித்துவிட்டேன், ஓடு, வட்டை, இருபத்திரண்டு வயது எல்லாம். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பறங்கி மட்டும் சிரிக்கவில்லை. "இந்த மனிதர் சுங்கானைப் பற்றி எழுதவில்லை, மகளைப் பற்றி எழுதியிருக்கிறார்" என்றான். தோற்றவன் வேறு என்ன சொல்லுவான்.

நீர் பழக்கித் தந்தவை அருமை. காலையில் எழுந்ததும் ஒன்று, கந்தோரில் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. வாயிலிருந்து எடுக்க மனம் வருகுதில்லை. புதிய மூன்றையும் அவசரப்படுத்தாமல் செய்யும்.

ஆவணி சரிவராது. பரீட்சை முடிந்து யோகராசா உத்தியோகத்தில் இப்போதுதான் காலூன்றுகிறான். பார்க்கலாம்.

அருமைநாயகம்

*

குருக்கள்மடம்
10-9-1936

மைத்துனர் அவர்களுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். மட்டக்களப்புப் பட்டினத்தில் சில நாள் தங்கவேண்டிய ஒரு வேலை வந்தது. எழுத்து மாறியிருப்பதைக் கண்டு யோசிக்கவேண்டாம். நான் சொல்ல ஆச்சிப்பிள்ளை எழுதுகிறாள். கண் கொஞ்சம் கூசுகிறது, அவ்வளவுதான். தாங்களும் யோகராசாவும் தேகசுகத்தோடு இருக்கவேண்டும். இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன், உடம்பு எப்படி என்று விபரமாக எழுதுங்கள்.

வீடு முடிந்துவிட்டது. ஓடு, சுண்ணாம்பு, இரட்டைக் கதவு எல்லாம் ஆயிற்று. தாயும் மகளும் அதில் இருக்கிறார்கள். எனக்கு வளவின் மேற்குப் பக்கத்தில் ஒரு குடில் போட்டிருக்கிறோம். அங்கே காற்று நல்லது.

மூன்று சுங்கானையும் இத்துடன் அனுப்புகிறேன். கோபிக்கவேண்டாம், இந்தத் தடவை உள்ளும் புறமும் சாராயம் ஊற்றித் துடைத்து, எட்டு நாள் வெயிலில் வைத்துத்தான் அனுப்புகிறேன். அப்படிச் செய்வது நல்லதென்று படித்த ஒருவர் சொன்னார். முன்பு அனுப்பியவற்றையும் அப்படியே செய்துகொள்ளுங்கள். மிகவும் கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் இந்த வேலைக்கு வேறு யாராவது கொழும்பில் கிடைப்பார்களா என்றும் பாருங்கள். எனக்கு வயதாகிறது.

கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

வினாயகமூர்த்தி

*

வெள்ளவத்தை
27-9-1936

வினாயகமூர்த்திக்கு,

சாராயமா? உமக்கு யார் அந்தப் புத்தியைச் சொன்னது? மூன்று மாதம் கட்டின கரியில் கள்ளுத் தவறணை வாசம் அடிக்கிறது. ஒரு மாதம் நானே இழுத்தால்தான் சரிவரும். முந்தின மூன்றையும் நான் தொடப்போவதில்லை, அவை இருக்கிறபடியே அருமையாக இருக்கின்றன. இனி ஒருக்காலும் துடைக்கவோ கழுவவோ வெயிலில் வைக்கவோ கூடாது. உமது வாயிலிருந்து எடுத்தபடி எனக்கு வரவேண்டும். விளங்குகிறதா?

யோகராசாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பெண்ணின் தகப்பன் இங்கே வழக்காடிப் பெயரெடுத்த பிறக்கிறாசி, பணக்காரர் குடியிருக்கிற கறுவாத்தோட்டத்தில் வீடு. தை மாதம் கல்யாணம். துரையே வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீர் படித்தவர், விளங்கிக்கொள்வீர். சின்ன வயதில் பெண்கள் கூடிப் பேசுவதெல்லாம் பேச்சாகுமா. ஆச்சிப்பிள்ளைக்கு ஊரிலேயே ஒருத்தன் கிடைப்பான். ஓட்டு வீடு இருக்கிறதே, இனி என்ன குறை? ஒரு வகையில் பார்த்தால் அந்த வீடு என்னால் கட்டப்பட்டது.

வேறு ஆள் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தீர். கொழும்பில் கூலிக்குப் பிடித்தவன் உம்மைப்போல இழுப்பானா? கல்யாண வரவேற்பில் என் கையில் இருக்கவேண்டும் என்று இரண்டு சுங்கான் புதிதாக வாங்கி இதோடு அனுப்புகிறேன். ஒன்று அறுபது ரூபா, மற்றது பத்து. கைவிடாமல் செய்து, மார்கழிக்குள் அனுப்பும். நீர் கல்யாணத்துக்கு வந்து மெனக்கெட வேண்டாம்.

அருமைநாயகம்

*

குருக்கள்மடம்
10-12-1936

மச்சானுக்கு,

மாரி மழை. வாவி நிறைந்து வளவு வரை வந்திருக்கிறது. இதை என் கையால் எழுதுகிறேன், எழுத்து கோணியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். யோகராசாவுக்கு எங்கள் ஆசீர்வாதம். அவன் எங்கள் பிள்ளையும்தான், நூறு வயது வாழட்டும்.

இரண்டு சுங்கானும் வருகின்றன. மற்ற எல்லாவற்றையும்விட இவற்றுக்கு அதிகம் பாடுபட்டேன். காலையிலும் மாலையிலும் ஒரு நாளும் தவறவிடவில்லை. தங்கள் சொற்படி துடைக்கவில்லை, கழுவவில்லை, வெயிலும் காட்டவில்லை. கடைசியாக இழுத்து இறக்கிவைத்த சூட்டோடு கட்டுகிறோம்.

எது நல்லது என்று கேட்பீர்கள். இந்தத் தடவை எனக்கு வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. அறுபது ரூபாச் சுங்கானில் புகை தடங்கல் இல்லாமல் நெஞ்சின் அடிவரைக்கும் இறங்குகிறது. அதுதான் மச்சானுக்குப் பொருத்தம்.

வினாயகமூர்த்தி

*

வெள்ளவத்தை
18-2-1937

அன்புள்ள தங்கை கண்ணகைக்கு,

தந்தி கல்யாணத்துக்கு முந்தின நாள் கிடைத்தது. மைத்துனர் அந்த நேரம் பார்த்துப் போய்விட்டார், என்ன செய்வது. மணவீட்டிலிருந்து சாவீட்டுக்கு வரக்கூடாது என்பது உனக்குத் தெரியாததல்ல. கோடி போடவேண்டியவன் வரவில்லையென்று ஊரார் சொல்வார்கள், சொல்லட்டும். அந்தியேட்டிக் கிரியையெல்லாம் குறையின்றி நடந்திருக்கும் என்று நம்புகிறேன். நெஞ்சு நோவென்று தந்தியில் இருந்தது. அவர் எப்போதும் பலவீனமான ஆள்தானே.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மைத்துனர் அனுப்பிய சுங்கான்கள் இரண்டும் ஒன்றாம் தரம், அதை நான் மறைக்கமாட்டேன். பத்து ரூபாச் சுங்கானை நான் வைத்துக்கொண்டேன். அறுபது ரூபாச் சுங்கானை யோகராசாவுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டேன். பெரிய இடத்து மாப்பிள்ளை, கையில் ஒரு நல்ல சாமான் இருக்கட்டும். பிள்ளை அதைக் கீழே வைக்கிறானில்லை. மாமனார் வீட்டு மாடியில் நின்று அவன் இழுக்கிற எடுப்பைப் பார்க்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

எனக்கு ஒரு இருமல் விடாமல் நிற்கிறது, கொழும்புப் புழுதி. மைத்துனரிடம் என் புகையிலை டின் ஏதும் மிச்சம் இருந்தால் அனுப்பிவை. ஆச்சிப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்,
அருமைநாயகம்

*

குருக்கள்மடம்
25-2-1937

அண்ணன் அறிய கண்ணகை எழுதுவது.

உங்கள் கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆச்சிப்பிள்ளை எனக்கு வாசித்துக் காட்டினாள். யோகராசாவுக்குச் சுங்கான் கொடுத்த இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் திரும்ப வாசிக்கச் சொன்னேன். அவள் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டாள். இந்தக் கடிதத்தையும் அவள் கையால்தான் எழுதுவிக்கிறேன். அவளுக்கும் எல்லாம் தெரியும்.

ஆவணி மாதம் அவர் வாயால் இரத்தம் வந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சளியைச் சோதித்துப் பார்த்து, பழைய கசரோகம் திரும்பிவிட்டது, மற்றவர்களுக்கும் தொற்றுகிற பக்குவத்தில் இருக்கிறது என்றார் டாக்குத்தர். தட்டு, செம்பு, படுக்கை எல்லாம் வேறாக வைக்கவேண்டும், அவர் வாய்பட்ட எதிலும் இன்னொருவர் வாய் படக்கூடாது என்றார். அதற்குத்தான் அந்தக் குடில். புகையைக் கண்ணாலும் காணக்கூடாது என்றும் சொன்னார்.

ஊருக்கு ஒளித்தோம், உங்களுக்கும் ஒளித்தோம். கசரோக வீட்டுக்கு யாரும் மாப்பிள்ளை தரமாட்டார்கள். யோகராசா வந்து கால் வைக்கும்வரைக்கும் இது வெளியே போகக்கூடாது என்று என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினார். ஆனால் மனம் கேட்காமல்தான் அந்த மூன்றையும் சாராயத்தால் துடைத்தார். முந்தினவற்றையும் துடைக்கச் சொல்லி உங்களிடம் கெஞ்சி எழுதினார். அதற்கு நீங்கள் ஏசி எழுதின அதே கடிதத்தில்தான் பிறக்கிறாசியின் மகளைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள்.

அந்தக் கடிதத்தை அவர் இரண்டு தரம் வாசித்தார். பின்னேரம் புதுச் சுங்கானைக் கொண்டுவரச் சொன்னார். மூச்சு எடுக்கவே ஏலாத மனிதன் சுவரில் சாய்ந்துகொண்டு இழுத்தார். இழுத்து, இருமி, சளியைத் துடைத்துவிட்டுத் திரும்ப இழுத்தார். மூன்றாம் நாள் நான் பறிக்கப் போனேன்.

"விடுகா கண்ணகை. கழுவாமல், வாயில இருந்து எடுத்தபடி வேணுமெண்டு மச்சான் எழுதியிருக்கார். அவர் கேட்டபடியே செய்து குடுக்கிறன்" என்றார்.

எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு நான் தடுக்கவில்லை. நிறைத்துக் கொடுத்தவளே நான்தான். பார்சலையும் என் கையால் கட்டினேன். மட்டக்களப்புக்குப் போகிற காரில் நானே ஏற்றிவிட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. என் புருஷனின் நெஞ்சு உங்களுக்கு ஒரு பழக்குகிற கருவியாக இருந்தது. என் மகளின் வயதை வெள்ளைக்காரர் முன்னால் வாசித்துச் சிரித்தீர்கள். என் தாய் வயிற்றில் பிறந்தவர் என்பதற்காக உங்கள்மேல் எனக்கு இரக்கம் வரும் என்று சில நாள் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை.

ஆனால் யோகராசா என் கையால் சோறு தின்றவன். அவன் வாய்க்கு அது போகும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. என் கையில் இருக்கவேண்டும் என்றுதானே நீங்கள் எழுதினீர்கள், உங்கள் கையில். தெரிந்திருந்தால் அவர் அப்படிச் செய்திருப்பாரா என்று இரவு முழுக்க யோசித்தேன். நூறு வயது வாழட்டும் என்று எழுதின மனிதன் செய்திருக்கமாட்டார் என்றுதான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். அவரிடம் இனிக் கேட்கவும் முடியாது. நான் செய்தது எனக்கும் வந்துவிட்டது.

இந்தக் கடிதம் கண்ட உடனே அவனிடம் ஓடுங்கள். அதைப் பிடுங்கி அடுப்பில் போடுங்கள். அவனையும் அந்தப் பெண்ணையும் நெஞ்சு பார்க்கிற டாக்குத்தரிடம் கூட்டிப்போங்கள். அவன் மாமனார் வீட்டு விலாசம் எனக்குத் தெரியாது, தெரிந்தால் உங்களை நம்பியிருக்கமாட்டேன். அந்தப் பெரிய வீட்டு வாசலில் நின்று, என் மகனுக்கு நான் கொடுத்தது கசரோகக்காரனின் எச்சில் என்று நீங்கள்தான் உங்கள் வாயால் சொல்லவேண்டும். மானத்தைப் பார்த்து ஒரு நாள் சுணங்கினாலும் அவனைக் கொன்றவர் நீங்கள்தான்.

இது உங்களுக்காக எழுதின கடிதம் அல்ல. நீங்கள் மட்டும் இழுத்துக்கொண்டு இருந்தீர்களானால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

யோகராசாவுக்கு இருமல் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று உடனே எழுதுங்கள். உங்கள் சுகத்தை நான் கேட்கவில்லை.

கண்ணகை